கூரையைப் பிரித்த நால்வர்

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் 12 வசனங்களில் அடங்கிய ஒரு கதை உண்டு. கப்பர்நகூம் என்னும் ஊரில் இயேசுநாதர் ஒரு வீட்டினுள் இருந்து போதிக்கின்றார். கேட்க வந்த கூட்டம் வீட்டை நிறைத்ததோடு வாயிலையும் அடைத்து நிற்கின்றது. அவ்வேளையில் கைகால் முடங்கிய ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். உள்ளே செல்ல வழியில்லை. அவர்கள் திரும்பிப் போகவில்லை; வீட்டின்மேல் ஏறுகின்றனர்; கூரையைப் பெயர்க்கின்றனர்; நோயாளியைப் படுக்கையோடு கீழே இறக்குகின்றனர். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்ட இயேசு, இறக்கப்பட்டவரை நோக்கி, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்கின்றார். அங்கே அமர்ந்திருந்த வேதபாரகர் இதைக் கேட்டு மனத்துள் முணுமுணுக்கின்றனர். பிறகு நோயாளி எழுந்து, தம் படுக்கையைத் தாமே சுமந்துகொண்டு வெளியேறுகின்றார்.

ஒருவர் கொண்ட நம்பிக்கை மற்றொருவரை எவ்வாறு நம்பிக்கைக்குக் கொணர்கின்றது என்று பேசவரும் கிறிஸ்தவப் போதகர் பெரும்பாலும் இக்கதையையே எடுத்தாள்வார். கோயிலில் மட்டுமன்று, தோட்டத்து லயங்களின் முன்னும், பட்டணத்து மண்டபங்களிலும் இதனைக் கேட்டிருக்கின்றோம். இப்பகுதியைப் படிப்போரில் பலர் மதங்களின்பால் ஐயமுடையோர் என்பதை அறிவேன். இதை எழுதுவோன் கோயிலுக்குப் போகின்றவனா, போகாதவனா என்பது ஈண்டு வேண்டப்படுவதன்று. கம்பனையும் சிலம்பையும் எவ்வாறு நூலாக வைத்து ஆராய்கின்றோமோ அவ்வாறே இதனையும் ஆராய்வதில் தவறில்லை. அங்ஙனம் ஆராய்ந்தால், கதை ஒன்று சொல்ல, கதையைச் சொல்லும் போதகர் வேறொன்று சொல்லுவது புலனாகும்.

முதலாவது, இக்கதையை மூவர் எழுதியுள்ளனர். மாற்கினுடையதே மூத்தது என்பது இக்கால ஆராய்ச்சியாளரில் பெரும்பாலோர் துணிபு. மத்தேயு 9-ஆம் அதிகாரத்திலும், லூக்கா 5-ஆம் அதிகாரத்திலும் அதனையே சொல்லுகின்றனர். சுமந்தவர் நால்வர் என்று எண்ணிச் சொன்னவர் மாற்கு ஒருவரே. லூக்காவுக்கு அவர்கள் சில மனிதர். மத்தேயுவுக்கு அதுவுமில்லை, கொண்டுவந்தார்கள் என்று வினையோடு விட்டுவிடுகின்றார். அதனினும் பெரிய வேறுபாடு கூரையைப் பற்றியது. மத்தேயுவின் கதையில் கூரையே இல்லை! வழியடைத்த கூட்டமில்லை, ஏறுதல் இல்லை, பிரித்தல் இல்லை. கொண்டுவந்தனர், இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார், அவ்வளவே.

மத்தேயு சுருக்கி எழுதும் வழக்கமுடையவர். ஆகலின் இதனைக் குற்றமென்று பலர் கொள்ளார். யான் குற்றமென்றே கொள்வேன். ஏனெனில் மூவரும் ஒருப்பட விடாமல் வைத்த சொல் ஒன்று உண்டு. அது ‘கண்டு’ என்பது. விசுவாசத்தைக் கேட்டு என்று ஒருவரும் எழுதவில்லை. அறிந்து என்றும் எழுதவில்லை. கண்டு என்றே எழுதினர். மாற்கினிடத்தில் காண்பதற்குப் பொருள் இருக்கின்றது. மேலே வானம் தெரிகின்றது, மண்கட்டிகள் விழுகின்றன, வியர்த்த நான்கு முகங்கள் துளையின் விளிம்பில் தோன்றுகின்றன. மத்தேயுவினிடத்தில் இயேசு எதனைக் கண்டார்? கூரையை நீக்கிய பிறகு ‘கண்டு’ என்னும் சொல் பற்றுக்கோடின்றி நிற்கின்றது. செயலை நீக்கிவிட்டு விசுவாசத்தை மட்டும் வைத்துக்கொள்ள முயன்ற முதல் உரைகாரர் மத்தேயுவே எனலாம். அவர்க்குப் பின் வந்தோர் எண்ணற்றோர். ஜெர்மனியில் மதச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர் 1522-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு முன்னுரையில், செயலற்ற விசுவாசம் செத்தது என வாதிக்கும் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று இகழ்ந்தார். அவர் காலத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்தை நினைத்தால் அவர் சினம் நமக்கு விளங்கும். ஆயினும் வைக்கோலின் பெருமை கூரை வேய்ந்தவர்க்குத் தெரியும்.

கூரை என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது ஓடும் தகரமும் அத்தாப்பும். கப்பர்நகூமில் 1968 முதல் பிரான்சிஸ்கத் துறவிகள் அகழ்ந்து கண்ட வீடுகள் கருங்கல் துண்டுகளை அடுக்கிக் கட்டியவை. அச்சுவர்கள் பளுவான மேற்கட்டைத் தாங்கத் தக்கவையல்ல. மரச் சட்டங்களைக் குறுக்கே இட்டு, நாணலும் கிளைகளும் பரப்பி, மேலே மண்ணைப் பூசி மெழுகிய தட்டைக் கூரைகளே அவற்றுக்கு ஏற்றவை. அதற்கேற்பவே, தோண்டினார்கள் என்னும் பொருள்பட மாற்கு எழுதினார். லூக்கா கிரேக்க ரோம நகரவாசிகளை எண்ணி எழுதியவர். அவர் கூரையில் ஓடு வந்துவிட்டது. தம் வாசகர் வீட்டுக் கூரையைக் கதைக்குள் கொண்டுவந்தார் என்று கொள்ளின் அதைக் குறைகூற வேண்டுவதில்லை. நம் வாசகர்க்கு எழுதுவோர் அத்தாப்பு என்று எழுதினும் ஒப்புவேன்; கூரையே இல்லை என்பதைத்தான் ஒப்பேன்.

இனிப் படுக்கை. மாற்கு அதற்கு வழங்கிய கிரேக்கச் சொல் கிராபத்தோஸ் என்பது. ஏழைகளின் பாயையும் கட்டிலையும் குறிக்கும் கொச்சைச் சொல். கற்றோர் அதனை இழிவாக எண்ணினர். மத்தேயுவும் லூக்காவும் அதனை எடுத்துவிட்டு நாகரிகச் சொற்களை வைத்தனர். இதைப் பற்றிச் சோசோமன் என்னும் 5-ஆம் நூற்றாண்டுச் சரித்திரக்காரர் சுவையான செய்தி ஒன்று எழுதிவைத்துள்ளார். சைப்பிரஸ் தீவிலே ஆயர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், சட்டம் பயின்ற நாவன்மை மிக்க டிரிபில்லியஸ் என்னும் ஆயர் பிரசங்கம் செய்தார். படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்னும் இடம் வந்தபோது, கொச்சைச் சொல்லை நீக்கி உயர்ந்த சொல் ஒன்றை வைத்து மொழிந்தார். ஆடு மேய்த்துப் பின் ஆயரான ஸ்பிரிடியோன் என்னும் முதியவர் துள்ளி எழுந்து, அச்சொல்லைச் சொன்னவரினும் நீர் பெரியவரோ, அதைச் சொல்ல நாணுகின்றீரோ என்று எல்லார் முன்னும் கேட்டுவிட்டாராம். நம் தமிழ்ப் பிரசங்க மேடைகளில் ஸ்பிரிடியோன் ஒருவர் இருந்தால் எத்தனை தடவை எழ நேரிடும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் இச்சோதனை உண்டு. பவர் ஐயர் முதலானோர் உழைப்பால் 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் நோயாளி ‘திமிர்வாதக்காரன்’ எனப்படுகின்றார். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘முடக்குவாதமுற்றவர்’ என்கின்றது. பழையது நோயைப் பெயராக்கி ‘காரன்’ என்று முடித்தது. புதியது மனிதரை முன்வைத்து ‘அவர்’ என்று முடித்தது. சொல்லின் இறுதியில் வந்த இவ்விகுதி மாற்றத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் சென்றன. விசுவாசம் என்றிருந்த இடத்தில் புதியது நம்பிக்கை என்று எழுதுகின்றது. இதைப் பழைய சபையார் பலர் விரும்பவில்லை. யான் விரும்புகின்றேன். விசுவாசம் என்பது கோயிலுக்குள் வழங்கும் சொல். நம்பிக்கை என்பது கடைக்காரரிடத்தும் தோழரிடத்தும் நாள்தோறும் நாம் வைக்கும் ஒன்று. நால்வர் ஒருவரைத் தூக்கிச் சென்ற கதைக்கு அதுவே பொருந்தும்.

நால்வர் என்னும் எண்ணைத் தமிழன் கேட்கும்போது யூதனும் கிரேக்கனும் அறியாத ஓர் ஒலி அவன் செவியில் விழும். படுத்தவனை நாலு பேர் சுமந்து போவது நம்மூரில் ஒரேயொரு சமயத்தில்தான். சாகும்போது தூக்க நாலு பேர் வேண்டும் என்று சொல்லியே நம் பெரியோர் உறவைப் பேணச் செய்தனர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அஞ்சியே ஆண்மக்கள் அடங்கினர், பெண்மக்கள் ஒடுங்கினர். இருக்கும்போது பழிக்கவும் இறந்தபின் தூக்கவும் உரிய அந்த நாலு பேர் இக்கதையில் உயிரோடிருக்கும் ஒருவரைத் தூக்குகின்றனர். முன்னாளில் நம் தோட்டங்களில் காய்ச்சல் கண்டவரைக் கம்பளியில் தூளிகட்டி மூங்கிலில் கோத்துத் தோளில் வைத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற வழக்கத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சேற்றிலும் மேட்டிலும் அவ்வாறு தூக்கிச் சென்றவர்க்கு மாற்கின் கதை விளக்கம் வேண்டாமலே விளங்கியிருக்கும்.

மற்றொன்று. இந்நால்வரை நண்பர்கள் என்று போதகர் எல்லாரும் கூறுவர். ஆனால் மூன்று சுவிசேஷங்களில் எதிலும் நண்பர் என்னும் சொல் இல்லை. உறவினரோ, அண்டை வீட்டாரோ, கூலிக்கு வந்தவரோ, நூல் சொல்லவில்லை. படித்தவர்களே அவர்கள் செயலைக் கண்டு அப்பெயரை அளித்துள்ளனர். வள்ளுவர் நட்புக்கு உவமை தேடியபோது, உடை நெகிழ்ந்த கணத்தில் தானே விரையும் கையைக் காட்டினார். அக்கை உத்தரவு கேட்டுப் போவதில்லை. உன் உடையை நான் பிடித்தேன் என்று பிறகு சொல்லிக் காட்டுவதும் இல்லை. பெயர் வைத்தவர்கள் வள்ளுவரைப் படிக்காதவராயினும் வள்ளுவர் வழியே வைத்திருக்கின்றனர்.

‘அவர்களுடைய விசுவாசம்’ என்றதில் படுத்திருந்தவரும் அடங்குவாரா என்பது பழைய வழக்கு. 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம் அடங்குவார் என்றார். நம்பிக்கையற்றவராயின் கூரை வழியே இறக்க உடன்பட்டிருப்பாரா என்பது அவர் கேள்வி. கூர்மையான கேள்விதான். ஆயினும் கைகால் வழங்காதவர் உடன்படாமல் என்ன செய்திருப்பார் என்று எதிர்வினா எழுப்பலாம். நீண்ட நாள் படுத்தவர்க்குச் சலிப்பு இருக்கும். இன்னும் எத்தனை இடத்துக்குத்தான் தூக்குவீர்கள் என்னும் வெறுப்பும் இருந்திருக்கலாம். நூல் அவருக்கு ஒரு வார்த்தையும் தரவில்லை. மாற்கினிடத்தில் குணமான பிறகும் அவர் பேசவில்லை. அவருடைய நம்பிக்கை இன்னதென்று காட்டாமலே கதை நடந்துவிடுகின்றது. வேண்டுமளவு நம்பிக்கை சுமந்தவரிடத்தில் இருந்தது. அந்நேரத்துக்கு அது போதியதாயிற்று.

அந்நால்வரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைப் போதகர் எவரும் எடுத்துச் சொல்லக் கேட்டிலேன். கூரையின் மீதிருந்து ஐயனே இவனைக் குணப்படுத்தும் என்று கூவவில்லை. வழியில் நோயாளியை நோக்கி, நீ முதலில் நம்பு, பிறகு தூக்குகின்றோம் என்று நிபந்தனை விதிக்கவில்லை. குணமான பின் நீ எங்கள் சபையில் சேர் என்று கேட்கவுமில்லை. ஆனால் இக்கதையைச் சொல்லி முடித்த போதகர் அடுத்த மூச்சில், ஆகலின் நீங்களும் போய் உங்கள் நண்பர்களிடம் பேசுங்கள் என்கின்றார்! நால்வர் பேசாததைக் காட்டிப் பேசச் சொல்லுவது எந்த வகை உரை என்று விளங்கவில்லை.

இஃது இலக்கணச் சண்டை அன்று. பல குடும்பங்களின் மானம் இதில் அடங்கியிருக்கின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவ சபைகளை நாடினர். அவர்களை அரிசிக்காகச் சேர்ந்தவர் என்று அன்று தொட்டுப் பலர் எள்ளுகின்றனர். எள்ளுவோர் பலரும் அப்பஞ்சத்தில் தம் களஞ்சியத்தைப் பூட்டி வைத்திருந்தோர் மரபினர் என்பதை மறக்கலாகாது. பசித்தவன் தன்னைத் தூக்கியவனை நோக்கிச் சாய்வதில் இழிவு ஏதும் யான் காணேன். இழிவு உண்டாயின், தூக்கிவிட்டுப் பின்னர்க் கணக்குச் சீட்டை நீட்டுவோனிடத்திலேயே உண்டு. சம்பளப் புத்தகத்தில் முன்பணத்தைப் பற்றெழுதி மாதந்தோறும் பிடித்தம் செய்வதைப்போல நம்பிக்கையையும் பிடித்தம் செய்ய முற்படுவோரை நாம் அறிவோம். மருந்துப் புட்டியோடு துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது அத்தகையது. மாற்கின் நால்வரிடத்தில் சீட்டும் இல்லை, புத்தகமும் இல்லை.

இனிக் கதையின் மிகக் கூரிய இடத்துக்கு வருவோம். நோயாளி உள்ளே போகமுடியாமல் தடுத்தவர் யார்? பகைவரல்லர். வீடு பூட்டியிருக்கவில்லை, காவலர் நிற்கவில்லை. உபதேசத்தைக் கேட்க வந்த பக்தர் கூட்டமே வாயிலை அடைத்துக்கொண்டு நின்றது. ஒருவராவது திரும்பிப் பார்த்து விலகவில்லை. அதற்குள் வேதபாரகர் சிலர் அமர்ந்திருந்தனர் என்று மாற்கு சொல்லுகின்றார். நிற்க இடமில்லாத வீட்டில் சிலர்க்கு உட்கார இடமிருந்திருக்கின்றது! மாற்கு இதனைக் குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. சொல்லாமல் செல்வதனாலேயே உறைக்கின்றது.

நம் தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரத்தில் இவ்வாயில் எங்கே இருந்தது என்று தேட நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர்; சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு உடன் பயின்றவர்; பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. தஞ்சை ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக அமரும் வழக்கம் இருந்தது. புதிதாக வந்த குருமார் அதனை ஒழிக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் 1829-இல் சாதியாசார சம்பாவினை என்னும் நூலை எழுதி எதிர்த்தார். குருமார் செய்த கொடுமைகள் நான்கு என்று அவர் எண்ணினார்: வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தியது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்தியது, திருநாள்களில் மலர்களை விலக்கியது, ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை ஒடுக்கியது.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்தது அவர் செய்த பிழை. நான்கையும் ஒன்றாகத் தள்ளுவது நம் பிழையாகும். மலரையும் பாட்டையும் பற்றி அவர் வழக்காடியது நியாயம். தமிழர் தமிழிசையிலே பாடுவதை வெளிநாட்டு ஐயர் தடுக்க என்ன உரிமை? மொழிபெயர்ப்பைப் பற்றிய வழக்கில் இருபக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் பாயைப் பற்றிய வழக்கில் அப்பெருங்கவிஞர் வாயிலை அடைத்து நின்ற கூட்டத்தில் ஒருவராகவே நின்றார். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே முற்றும் ஒழியவேண்டும் என்று கடிதம் விடுத்தார். பலர் சாதியை விடுவதினும் ஆலயத்தை விடுவதே நன்று என வெளியேறினர். கத்தோலிக்கரிடத்தும் இக்குறை உண்டு. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயம் காற்சட்டையின் இருகாலைப்போல இரு கூடங்களாகப் பிரிந்து, இருசாதியார் ஒருவரையொருவர் காணாமல் பலிபீடத்தை மட்டும் காணும்படி அமைந்தது. இடைச்சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது, அது மீண்டும் வேண்டும் என்று வழக்கு மன்றம் ஏறியவர்களும் உண்டு. மன்றம் இணங்கவில்லை.

இச்சரித்திரத்தை வைத்துப் பார்த்தால், நண்பரை நம்பிக்கைக்குக் கொணர விரும்பும் கிறிஸ்தவத் தோழர்க்கு மாற்கு காட்டும் முதல் வேலை வெளியே இல்லை, வாயிலில்தான் இருக்கின்றது. எவர்க்கும் வழிவிடாமல் நின்றுகொண்டு, வாருங்கள் வாருங்கள் என்று கைகாட்டினால் வருவோர் கூரையைத்தான் பிரிக்கவேண்டும். வீட்டுக்காரர் அதற்கு என்ன சொன்னார், மறுநாள் மண்ணைக் குழைத்துப் பூசியவர் யார் என்று கேட்க எனக்கு எப்பொழுதும் ஆசை உண்டு. சுமந்த நால்வரே வந்து பூசினார்கள் என்று வைத்துக்கொள்வேன். நூலில் அதற்கு ஆதாரமில்லை.

பேசாமலே கொணர்வது என்பது கதையில் மட்டும் நிகழ்வதோ என ஐயுறுவார்க்கு ஆங்கில நாட்டு ஜான் பனியனைக் காட்டுவேன். 1628-இல் பிறந்த இவர் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி. தாம் நம்பிக்கை பெற்ற வரலாற்றை 1666-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். தொழில் நிமித்தம் பெட்போர்டு நகரத் தெரு ஒன்றில் சென்றபோது, ஏழைப் பெண்கள் மூவரோ நால்வரோ வீட்டு வாயிலில் வெயில் காய்ந்துகொண்டு தங்கள் உள்ளத்தில் கடவுள் செய்ததைப் பற்றித் தமக்குள் பேசியிருந்தனர். அவரை நோக்கி ஒன்றும் சொல்லவில்லை. மதவிஷயம் பேசுவதில் தம்மை வல்லவராக எண்ணியிருந்த அவர், கேட்போம் என்று அருகே சென்றார், ஒன்றும் விளங்கவில்லை. மகிழ்ச்சியே அவர்களைப் பேசச் செய்ததுபோல் இருந்ததாம். பின்னர் அவர் மீண்டும் மீண்டும் அவர்களை நாடிச் சென்றார். வாயிலில் அமர்ந்தும் வழியை அடைக்காத பெண்கள் அவர்கள்!

அவ்வனுபவமுடைய பனியன் 1678-இல் மோட்சப் பிரயாணத்தை எழுதியபோது செய்தது வியப்பைத் தருகின்றது. அதன் கதாநாயகன் மனைவி மக்கள் அழைக்க அழைக்கக் காதுகளைப் பொத்திக்கொண்டு தனியே ஓடுகின்றான். தன்னுயிர் ஒன்றைக் காக்க ஓடும் இவ்வோட்டத்தை எந்தத் தமிழ்த்தாய் மெச்சுவாள்? வழியில் அவனுக்குத் தோழர் கிடைக்கின்றனர். மாயச் சந்தையில் ஒரு தோழன் கொலையுண்டதையும் இருவர் நடந்துகொண்ட முறையையும் கண்ட அவ்வூரான் ஒருவன் தானே வந்து சேர்ந்துகொள்கின்றான். அவ்விடம் நன்று; கண்டு வந்தவன் அவன். ஆயினும் நூல் முழுதும் ஓட்டமே மிகுதி. பனியனுக்கே இக்குறை உறுத்தியது போலும். 1684-இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதிலே மனைவி, நான்கு மக்கள், அழைப்பே பெறாமல் அண்டைவீட்டுத் தோழியின் கையைப் பற்றிக்கொண்டு புறப்பட்ட ஓர் இளம்பெண், ஊன்றுகோலில் நடக்கும் நொண்டி, மனத்திடமற்ற ஒருவன் எல்லாரும் கூட்டமாக மெல்ல நடக்கின்றனர். அந்த நொண்டி தன் இரு ஊன்றுகோல்களில் ஒன்றை மற்றவனுக்குத் தருகின்றேன் என்கின்றான். முதற்பாகம் புகழ்பெற்றது, எனக்கு இரண்டாம் பாகமே பெரிது.

இங்கே நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை நினையாமல் இருத்தல் இயலாது. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தவர், 1858-இல் சென்னையில் கிறிஸ்தவரானார். அவரை அந்நெறிக்குக் கொணர்ந்ததில் அவர்க்கு முன்னரே அதில் சேர்ந்திருந்த உடன்பிறந்தாருக்கும் நண்பருக்கும் பெரும் பங்கு உண்டு. பாதிரிமாரின் வாதம் செய்யாததைத் தோழமை செய்தது. பனியன் நூலைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் என்னும் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல் நூலாயிற்று. ஐந்து பருவங்களில் 3766 பாடல்கள். பனியனில் விரிவாக இல்லாத இயேசுவின் பாடுகளை அவர் சேர்த்துப் பாடிய பகுதியைக் கம்பனை அறிந்தோர் கண்ணீரின்றிப் படித்தல் அரிது. ஆயினும் அவர் பெரும்பாலும் தழுவியது முதற்பாகத்தையே. நண்பராலும் உடன்பிறந்தாராலும் வந்த கவிஞர், தனியே ஓடினவன் கதையைக் காப்பியமாக்கி, கூடி நடந்தவர் கதையை விட்டுவிட்டார். காப்பியத்துக்குத் தன்னேரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும் என்னும் தண்டியலங்கார விதியே அவரைக் கட்டிப் போட்டதோ என்று ஐயுறுகின்றேன். ஊன்றுகோலைப் பங்கிட்ட நொண்டிக்கு விருத்தம் பாட நம் யாப்பில் இடமில்லாமல் போகவில்லை. நம் இலக்கணத்தில்தான் இல்லை.

பகுத்தறிவுத் தோழர் ஒருவர் குறுக்கிடலாம்: முடவர் எழுந்தார் என்பதை நீர் நம்புகின்றீரா? அவ்வினாவுக்கு இக்கட்டுரையில் விடை தேடேன். ஆனால் அற்புதத்தை எடுத்துவிட்டாலும் கதையில் மிஞ்சுவது என்ன என்று அவரைக் கேட்பேன். நாலு பேர், ஒரு பாய், ஒரு கூரை, வழிவிடாத கூட்டம் ஆகியவை மிஞ்சும். அவர் வீட்டருகிலேயே இந்நான்கும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிந்தபின் பட்டண ஓரங்களில் அடுக்குமாடிகளில் குடியேறிய நம் முதியோர் பலர், மின்தூக்கி பழுதான நாளில் ஐந்தாம் மாடியினின்று இறங்க ஆளின்றி அமர்ந்திருக்கின்றனர். அவர்களைத் தூக்க வருவோன் எக்கொள்கையினனாயினும் அவன் கொள்கையை அம்முதியோர் விசாரிப்பர் என்பது உறுதி. அவன் சொல்லாமலே விசாரிப்பர்.

சுமந்தவர் பக்கம் நின்று பார்த்தால் கதையில் ஒரு கசப்பும் உண்டு. அவர்கள் நடக்கவைக்கக் கொணர்ந்தனர். கீழே முதலில் கிடைத்தது பாவமன்னிப்பு. நாங்கள் கேட்டது இதுவன்று என்று மேலிருந்து எண்ணியிருப்பார்களோ? நண்பனைக் கொணர்ந்தவன் அவன் என்ன பெறவேண்டும் என்று வகுக்க முடியாது என்பதை மாற்கு அங்கே காட்டிவிடுகின்றார். அதன்பின் வேதபாரகரோடு வாதம் மூண்டு, கதை அப்பக்கம் திரும்புகின்றது. குணமானவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லார்க்கும் முன்பாக வாயில் வழியே போகின்றார். இப்போது மட்டும் கூட்டம் விலகியிருக்கின்றது. நால்வரைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. கூரையிலிருந்து இறங்கினார்களா என்பதையும் மாற்கு எழுதவில்லை.

மூன்று சுவிசேஷங்களையும் அருகருகே விரித்து வைத்து மாற்கு 2, மத்தேயு 9, லூக்கா 5 ஆகிய அதிகாரங்களை ஒருமுறை ஒப்பிட்டுப் படிக்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. 1871 மொழிபெயர்ப்பும் 1995 மொழிபெயர்ப்பும் இருப்பின் இரண்டையும் பாருங்கள். வேதநாயக சாஸ்திரியாரின் சாதியாசார சம்பாவினையைச் சரியான முன்னுரையோடும் குறிப்புகளோடும் எளிய விலையில் நம் கைக்குக் கிடைக்கச் செய்ய எவரேனும் முன்வருவாராயின், ஆலயத்தில் அவர் பாடல்களைப் பாடுவோரும் அதனை வாங்கிப் படிக்கவேண்டும்.